ரெண்டு ராத்திரி, பதினோரு கப்பல்

"ஒரு ராத்திரிக்கு எவ்வளவுட்டி?" என்று அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டபோது ரயில் பாலக்காட்டைத் தாண்டியிருந்தது. நாலாயிரம் என்றேன். அதற்கே, "நாலாயிரமா? அதுக்கு ரெண்டு மாசம் மீன் வாங்கலாம்லா" என்று ஆரம்பித்தவள் திருச்சூர் வரை நிறுத்தவில்லை. உண்மையான வாடகை 9,800 ரூபாய், வரி தனி. கிளம்புகிற நாள் வரை எப்படியாவது இதை மறைத்துவிட்டால் போதும், அதற்கப்புறம் வருகிற திட்டை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் கோயம்புத்தூரில் ரயில் ஏறினேன்.

போன நவம்பரில் போனோம். ஃபோர்ட் கொச்சியில் தண்ணீரை ஒட்டி நிற்கிற ஓட்டல்களில் ஒன்று, பழைய கட்டடத்தைப் புதுப்பித்தது. பெயர் சொல்லப்போவதில்லை, ஏன் என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

அம்மா தூத்துக்குடிக்காரி. தாத்தா அங்கே ஒரு தோணிக் கம்பெனியில் கணக்கு எழுதினார். எந்தக் கப்பல் வந்திருக்கிறது, எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை மூட்டை நனைந்தது என்பதெல்லாம் வீட்டில் தினசரிப் பேச்சு. ஆனால் கப்பலைக் கிட்டப் பார்த்த பெண்பிள்ளை ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் இல்லாததால் அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போட்டுவிடும், சரக்கையெல்லாம் தோணியில்தான் ஏற்றி இறக்குவார்கள். மச்சில் ஏறி நின்றால் கடலில் தீப்பெட்டி மாதிரி நாலு தெரியும், அவ்வளவுதான் நாங்க பார்த்த கப்பல் என்பாள். கப்பல் கரைக்கே வந்து நிற்கிற புதுத் துறைமுகம் 1974-ல் வந்தது. அதே வருஷம் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகி, கண்ணுக்கெட்டிய தூரம் கடலே இல்லாத கோயம்புத்தூருக்கு வந்துவிட்டாள்.

இதை அவள் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. எனக்குத்தான் கொச்சி வாயைப் பற்றிக் கேள்விப்பட்டபோது உறைத்தது. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே அரபிக்கடல் உள்ளே நுழைகிற அந்த இடைவெளி அரை கிலோமீட்டர் கூட இருக்காது. வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக்குப் போகிற கப்பல், எண்ணெய்க் கப்பல், சொகுசுக் கப்பல் எல்லாம் அந்த ஒரே வழியாகத்தான் வந்தாக வேண்டும். கரையில் நின்றால் கப்பல் நம்மைத் தாண்டிப் போகும். தூரத்தில் போவது இல்லை, தெருவில் பஸ் போகிற மாதிரி.

எர்ணாகுளத்தில் இறங்கி, ஹைகோர்ட் பக்கத்திலிருந்து வாட்டர் மெட்ரோ பிடித்தோம். 2024 ஏப்ரலில் இருந்து ஃபோர்ட் கொச்சி வரை ஓடுகிறது, டிக்கெட் 40 ரூபாய், ஏசி, பெரிய கண்ணாடி ஜன்னல், சத்தமே இல்லாத படகு. அரசாங்கத்தின் பழைய போட்டும் ஓடுகிறது, அதற்குப் பத்து ரூபாய் கூட ஆகாது. போகும்போது ஏசியில் போய்விட்டு வரும்போது பழைய போட்டில் வந்தோம். எனக்குப் பழைய போட்டுதான் பிடித்தது, காற்று முகத்தில் அடிக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்.

ஓட்டலில் முதல் சண்டை வந்த பத்தாவது நிமிஷமே தொடங்கிவிட்டது. 'துறைமுகம் தெரியும் அறை' என்று சொல்லித்தான் அந்தக் காசு. கொடுத்த அறையில் ஜன்னலைத் திறந்து, தலையை முழுசாக வெளியே நீட்டி, இடது பக்கம் திருப்பினால் ரெண்டு தென்னை மரத்துக்கு நடுவே ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது. இதுவும் துறைமுகம்தானே மேடம் என்றார் வரவேற்பில் இருந்தவர். நான் போனில் பதிவு மெயிலை எடுத்துக் காட்ட, அவர் மேலாளரைக் கூப்பிட, மேலாளர் சாப்பிடப் போயிருக்க, இப்படியே முக்கால் மணி நேரம். "விடுட்டி, ராத்திரி கண்ண மூடிட்டுதான தூங்கப் போறோம்" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரிஜினல் விலை தெரிந்திருந்தால் அவளே மேசை மேல் ஏறி உட்கார்ந்திருப்பாள். கடைசியில் முதல் மாடியில், நேரே தண்ணீரைப் பார்த்த அறை கிடைத்தது.

சின்ன பால்கனி, ரெண்டு பிரம்பு நாற்காலி. உள்ளே உயரமான கட்டில், கறுப்பு மர அலமாரி, ஜன்னல் அருகே எழுதுகிற மேசை. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, துவாலை, இத்தனையும் போர்த்துக்கீசியர் நம் வாயில் வைத்துவிட்டுப் போன சொற்கள். அவர்கள் கொச்சியில் கால்வைத்தது 1500-ல். 1663-ல் டச்சுக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். தூத்துக்குடியிலும் இதே வரிசைதான், முதலில் போர்த்துக்கீசியர், அப்புறம் டச்சு. அந்த டச்சுக்காரர் தமிழுக்கு விட்டுப்போன சொத்துகளில் ஒன்று கக்கூஸ். இதை அம்மாவிடம் சொன்னபோது, குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கெட்டியிருக்கான்" என்றாள்.

சரி, கப்பலுக்கு வருவோம்.

நாலரை மணி இருக்கும். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே அம்மா "ஏட்டி, ஏட்டி" என்று கத்துகிற சத்தம். விழுந்துவிட்டாளோ என்று பதறி, தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்து பார்த்தால், பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவளுக்கு முன்னால் வானம் இல்லை. இருந்த இடத்தில் ஒரு சுவர் நகர்ந்துகொண்டிருந்தது. துருப்பிடித்த சிவப்பு, அதற்கு மேல் கருநீலம், அதற்கும் மேல் கன்டெய்னர் பெட்டிகள் அடுக்கடுக்காக. முன்னால் ஒரு இழுவைப் படகு, சின்னப் பையன் எருமையை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி. இவ்வளவு பெரிய சாமானிலிருந்து வந்த சத்தம் என்னவோ கொஞ்சம்தான், ஒரு தாழ்ந்த உறுமல், அது காதில் கேட்டதைவிடக் கம்பியைப் பிடித்திருந்த கையில் நன்றாகத் தெரிந்தது. மேல் தளத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவன் கம்பியில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான், இந்த ஊரில் சிக்னல் கிடைத்த சந்தோஷமாக இருக்கும். கப்பல் முழுசாகக் கடந்து போக ரெண்டு மூன்று நிமிஷம் ஆனது. அம்மா ஒன்றுமே பேசவில்லை. பின்பக்கம் கண்ணுக்கு வந்ததும் அதில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மோன்ரோவியா.

"அது கப்பல் பேராட்டி?"

இல்லம்மா, பேர் மேலே இருக்கு, கீழே இருக்கிறது பதிவு செய்த ஊர் என்றேன். மோன்ரோவியா லைபீரியாவின் தலைநகரம். அடுத்து வந்ததில் பனாமா, அதற்கடுத்ததில் மஜூரோ, அது மார்ஷல் தீவுகள். லைபீரியாக்காரனுக்கு இவ்வளவு கப்பலா என்று அம்மா வாயைப் பிளந்தாள். முதலாளி கிரீஸ்காரனாகவோ ஜப்பான்காரனாகவோ இருப்பான், உள்ளே வேலை பார்ப்பவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்களும் நம் ஆட்களுமாக இருப்பார்கள், வரியும் கெடுபிடியும் குறைவு என்று அங்கே போய்ப் பதிந்து வைத்துக்கொள்வார்கள் என்று விளக்கினேன். அம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு, "நம்ம ஊர்ல பாண்டிச்சேரி நம்பர் போட்டு கார் ஓட்டுதான்லா, அப்பிடி" என்றாள். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உடனே மேசையில் கிடந்த ஓட்டல் குறிப்புத் தாளையும் பேனாவையும் எடுத்து, நேரம், நிறம், ஊர் என்று மூன்று கட்டம் போட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டாள். தாத்தாவின் ரத்தம். விதியெல்லாம் அவளே வகுத்தாள்: இழுவைப் படகு சேராது, வைப்பினுக்குக் காரும் ஆளும் ஏற்றிக்கொண்டு நொடிக்கொருதரம் போய்வரும் ரோ-ரோ சேராது, சாம்பல் நிற நேவிக் கப்பலும் சேராது, "அது சர்க்கார் சோலியா சும்மா சுத்துது". ரெண்டாம் நாள் படித்துறைக்குப் பக்கத்தில் டால்ஃபின் நாலைந்து முதுகைக் காட்டிப் போயின, எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரக்கு ஏற்றாத எதிலும் அவளுக்கு ஆர்வமில்லை.

இந்த வாய் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பெரியாற்றில் 1341-ல் வந்த வெள்ளத்தில்தான், சங்கப் பாட்டில் வருகிற முசிறித் துறைமுகம் தூர்ந்துபோய்க் கொச்சியின் வாய் அகலமாகத் திறந்தது என்று சொல்வார்கள். அகலம் வந்தாலும் குறுக்கே ஒரு பெரிய மணல் திட்டு கிடந்தது. அதனால் நூற்றாண்டுக் கணக்கில் பெரிய கப்பல்கள் வெளியே நின்றுதான் படகில் சரக்கு இறக்கின. 1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வந்தார். திட்டை வெட்டி ஆழப்படுத்தி, 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணை வீணாக்காமல் ஏரிக்குள் கொட்டி எழுப்பியதுதான் வில்லிங்டன் தீவு, 780 ஏக்கர். துறைமுக அலுவலகம், கடற்படைத் தளம் எல்லாம் அந்த மண்ணின் மேல்தான் நிற்கின்றன.

இதை இருட்டுகிற நேரத்தில் பால்கனியில் உட்கார்ந்து சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி: "அப்ப இங்கயும் வெளியதான் நின்னுருக்கு?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க ஊர்க்காரனுக்கு அம்பது வருசம் லேட்டாத்தான் மண்ணத் தோண்டணும்னு தோணியிருக்கு" என்றாள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஓட்டல்காரர்கள் போடும் படங்களில் எல்லாம் மாலை வெயில், பால்கனி, ஒரு கண்ணாடி டம்ளர் என்று இருக்கும். அந்தப் படத்தில் கொசு இருக்காது. ஆறு மணியிலிருந்து ஏழரை வரை கொச்சிக் கொசு கூட்டம் கூட்டமாக வரும், நம் ஊர்க் கொசு மாதிரி காதருகே பாடி அறிவித்துவிட்டு எல்லாம் கடிக்காது. கொசுவத்திச் சுருள் கேட்டால், பாரம்பரியக் கட்டடம், நெருப்பு கூடாது என்றார்கள். லெமன்கிராஸ் தைலம் ஒரு சின்னப் புட்டியில் கொடுத்தார்கள், அது கொசுவுக்குச் சட்னி. அம்மா கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்துத் தலையோடு போர்த்தி முகத்தை மட்டும் வெளியே விட்டு, அசையாமல் உட்கார்ந்து ஐந்தாவது கப்பலைப் பார்த்தாள். போகிறவர்கள் ஒரு ஓடோமாஸ் எடுத்துப் போங்கள்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு ஓட்டலிலேயே. அந்த உணவகம் பெயர்போனது, படித்துறைக்குப் பக்கத்தில் திறந்த தாழ்வாரம், மெனு கார்டு புத்தகம் மாதிரி. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வரலாறு: இது சிரியன் கிறிஸ்தவர் வீட்டு வாத்து, இது கொச்சி யூதர் கோழி, இது ஆங்கிலோ இந்திய ரயில்வே மட்டன் குழம்பு. படிக்க நன்றாக இருந்தது, ஏனென்றால் படிக்க ஐம்பது நிமிஷம் கொடுத்தார்கள். ஆர்டர் கொடுத்து அத்தனை நேரம் கழித்துத்தான் முதல் தட்டு வந்தது. பரிமாறியவர் அஸ்ஸாம்காரப் பையன். அம்மா அவனிடம் தமிழிலேயே பேசினாள், அவன் சிரித்துக்கொண்டே மலையாளத்தில் பதில் சொன்னான், ரெண்டு பேருக்கும் எதுவும் இடறவில்லை. விலை அச்சடித்த கார்டை அம்மா கையில் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன்.

மீன் மோளி வந்தது. தேங்காய்ப்பால், மஞ்சள், கீறிய பச்சை மிளகாய், இஞ்சி, மேலே ரெண்டு வட்டத் தக்காளி. அம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இது சொதில்லா? சொதிக்குள்ள எவன்ட்டி மீனப் போட்டது?"

திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு என்று தெரியும். மறுவீட்டு விருந்துக்கு, தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கிற சைவச் சொதியில் மீன் நீந்துவது என்றால், அவள் பார்வையில் கோயிலுக்குள் செருப்பு. ஆனாலும் ஆப்பத்தைக் கிழித்துக் கிழித்து அந்தக் கிண்ணத்தைக் காலி செய்தவளும் அவளே. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. நல்ல பால், ரெண்டாம் பாலில் மீனை வேகவிட்டு முதல் பாலைக் கடைசியில் விட்டு இறக்கியிருந்தார்கள், திரியவே இல்லை.

கரிமீன் பொள்ளிச்சதுதான் அன்றைய உருப்படியான சாமான். வாழையிலைப் பொட்டலத்தை மேசையில் வைத்துப் பையன் கத்தரியால் வெட்டினான், ஆவி பொங்கி வந்தது, வாட்டிய இலை வாசமும் சின்ன வெங்காயம் வதங்கிய வாசமும் சேர்ந்து. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மீன், கழி மீனில் கரிமீனுக்கு இணை இல்லை என்பது மலையாளிகள் கட்சி, 2010-ல் மாநில மீன் என்றே அறிவித்துவிட்டார்கள். முள் ஜாஸ்தி. நான் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அம்மா தலையைப் பிட்டு எடுத்துக்கொண்டு, கண்ணைத் தோண்டிப் பார்த்து, கன்னத்துச் சதையை விரலால் நெம்பினாள், அது இதழ் இதழாகப் பிரிந்தது. "இன்னைக்குச் செத்த மீன்தான்" என்று தீர்ப்புச் சொன்னாள். அவளிடமிருந்து ஒரு சமையல்காரனுக்கு இதற்கு மேல் மரியாதை கிடைக்காது.

மற்றதெல்லாம் சுமார். வாத்து ரப்பர். இனிப்பு என்று ஒரு அடை பிரதமனைச் சின்னக் குப்பியில் ஊற்றி மேலே ஒரு புதினா இலையைச் செருகியிருந்தார்கள், பாயசத்துக்குப் புதினா என்ன முறையோ. பில் 4,300 சொச்சம், அதன் மேல் 18 சதவீத வரி. இது பலருக்குத் தெரிவதில்லை: அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற மாதிரி ஓட்டல்களில் சாப்பாட்டுக்கும் 18 சதவீதம் வாங்குவார்கள், வெளியே சாதாரண ஓட்டலில் சாப்பிட்டால் 5 சதவீதம்தான். தங்குவது இங்கே, சாப்பிடுவது வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மறுநாள் அப்படித்தான் செய்தோம். மட்டாஞ்சேரி போகிற வழியில் ஒரு சின்னக் கடையில் ஊணு, சிவப்புச் சோறு, குடம்புளி போட்ட சாளைக் குழம்பு, கறுப்பாக, புகை வாசத்தோடு. ரெண்டு பேருக்கும் சேர்த்து முன்னூறு ரூபாய்க்குள். அம்மா ரெண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கினாள், நம் புளியைவிட இது மீனுக்குப் பொருந்துகிறது என்று ஒப்புக்கொண்டதோடு, வரும்போது கால் கிலோ குடம்புளியும் வாங்கினாள்.

காலை உணவு வாடகையில் சேர்த்தி, அதில் ஆப்பம் மட்டும் பிரமாதம். ஆப்பச் சட்டிக்கு முன்னால் நின்று ஊற்றிய அக்காவின் பக்கத்திலேயே அம்மா நின்றுகொண்டு, ஓரம் முறுகுகிற வரை எடுக்காதே என்று மேற்பார்வை பார்த்தாள்.

ஊரைச் சுற்றியதைப் பற்றி நிறைய எழுதுவதற்கில்லை, எல்லோரும் போகிற இடங்கள்தான். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோடகாமாவை 1524-ல் புதைத்த இடம் இருக்கிறது, எலும்பு இல்லை, அதை அப்புறம் லிஸ்பனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சீன வலை பற்றி, சீனர்களே கொண்டு வந்தார்கள் என்று ஒரு கட்சி, போர்த்துக்கீசியர் மக்காவிலிருந்து கொண்டு வந்தார்கள் என்று இன்னொரு கட்சி. பக்கத்தில் போனால் தெரிவது வேறு. கயிற்றில் கட்டித் தொங்குகிற பெரிய பெரிய கற்கள், நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தால் ஒவ்வொரு கல்லாகக் கீழே வந்து தரையில் உட்கார, எதிர்ப்பக்கம் வலை தண்ணீரை விட்டு எழும். நாங்கள் பார்த்த இழுப்பில் ஆகாயத்தாமரை ஒரு கூடை, ஒரு பிளாஸ்டிக் பாட்டில், விரல் நீள மீன் பத்துப் பதினைந்து. ஃபோட்டோ எடுத்தவர்கள் கொடுத்த பத்து இருபதுதான் அன்றைக்கு மீனைவிட அதிகம் என்று நினைக்கிறேன்.

ஆனால் எதிர்பார்க்காத ஒரு இடத்தைச் சொல்லியாக வேண்டும். ஆட்டோக்காரர் நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு, "உங்க ஆளுங்க இருக்கிற எடம் காட்டட்டா?" என்று 'வெளி' என்கிற பகுதிக்குக் கொண்டுபோனார். அங்கேதான் கொச்சியின் தோபி கானா. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் சீருடை துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வந்ததாகச் சொல்கிறார்கள், அந்தக் குடும்பங்கள் இன்னமும் அங்கே, வண்ணார் சங்கம் என்று பெயர் எழுதி, வீட்டில் தமிழே பேசிக்கொண்டு. வரிசையாகத் துவைக்கிற தொட்டிகள், பின்னால் பெரிய திடலில் கொடி. கொடியில் கிளிப்பே கிடையாது. ரெண்டு கயிற்றை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிட்டால் துறைமுகக் காற்றுக்கும் அசையாது. உள்ளே கஞ்சி போட்ட வேட்டிகளை ஒரு அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், பெட்டி எட்டுக் கிலோ இருக்கும்போல. அம்மா கேட்டாள், நம்ம பக்கம் எந்த ஊரு? அவர் சிரித்துவிட்டு, எங்க பாட்டிக்குப் பாட்டிக்குத்தான் தெரியும், நாங்க கொச்சிக்காரங்க என்றார். அவருடைய தமிழில் மலையாளம் லேசாகத் தொட்டிருந்தது, ஆனால் 'நாளைக்கு' என்பதை 'நாளைக்கி' என்று சொன்ன விதம் அப்படியே எங்கள் ஆச்சி. அம்மா கால் மணி நேரம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டல் துணியெல்லாம் வருமா என்று கேட்டதற்கு, சின்னச் சின்ன லாட்ஜ், ஓம்ஸ்டே எல்லாம் வரும், பெரிய ஓட்டல்கள் மிஷினுக்குப் போய்விட்டன என்றார். "அதான் அந்த மெத்தை விரிப்புல வாசமே இல்ல" என்றாள் அம்மா. கஞ்சி வாசத்தைச் சொல்கிறாள்.

ரெண்டாம் ராத்திரி தூக்கம் சுமார்தான். மேல் அறை ஏசியிலிருந்து எங்கள் பால்கனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், கீழே ரோ-ரோவின் இரும்புப் பலகை படித்துறையில் விழுகிற டமார். அஞ்சு மணிக்கு ஒரு சங்கு, நீளமாக. எழுந்து பார்த்தால் பக்கத்துக் கட்டில் காலி. அம்மா ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வெளியே இருந்தாள், இருட்டில் மேலே வரிசையாக விளக்குகள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. ஊர்ப்பெயர் தெரியவில்லை என்று அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். பதினோராவது அது.

கணக்கை முடிக்கும்போதுதான் மாட்டினேன். வரவேற்பில் பில்லை என் பக்கம் வைக்காமல் பெரியவள் என்று மரியாதையாக அம்மா பக்கம் நகர்த்திவிட்டார்கள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் போனாள். 19,600. வரி 3,528. மொத்தம் 23,128, அறைக்கு மட்டும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டு வரவில்லை. கைப்பையைத் திறந்து நாலாக மடித்த அந்தக் குறிப்புத் தாளை எடுத்தாள், கவுன்ட்டர் மேலேயே வைத்து, அவர்கள் பேனாவாலேயே வகுத்தாள்.

"கப்பலுக்கு ரெண்டாயிரத்து நூத்திச் சொச்சம்" என்றாள். அப்புறம், "நேவிக் கப்பலையும் சேத்துருக்கலாம், கொறஞ்சிருக்கும்."

போட்டில் திரும்பும்போது அந்த ஓட்டலைத் தண்ணீரிலிருந்து பார்த்தோம். சின்னதாக இருந்தது. எங்கள் பால்கனி எது என்று ரெண்டு பேராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த வாரம் என் பையன் அவள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். கப்பல்கள் விடாமல் தங்கள் இடத்தை ஒலிபரப்பிக்கொண்டே போகின்றன, அதைப் பிடித்து வரைபடத்தில் சின்னச் சின்ன அம்பாகக் காட்டுகிற சமாசாரம், காசு கிடையாது. அம்மாவுக்கு டிவி சீரியல் போச்சு. காலையில் காபி போடும்போது போன் வரும், கொச்சிக்குள்ள ஒண்ணு போகுது, மஜூரோ, எர்ணாகுளத்துல மழையாம். நானும் சரிம்மா சரிம்மா என்று கேட்டுக்கொள்வேன்.

முந்தாநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டாள். கொச்சி இல்லை, இன்றைக்கு விரலால் கீழே தள்ளி, குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள்.

"ஏட்டி, தூத்துக்குடில எட்டுக் கப்பல் இருக்கு" என்றாள். "மூணுதான் உள்ள. அஞ்சு இன்னும் வெளியதான் நிக்கு."